பதினோராவது பாட்டில்

மூத்திரத்தில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளலாம். சோலை நகரத்தில் வீடு வாங்கியவர்களும், தங்கள் நாற்பது மாடி எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்தால் சுளிக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்குக் கொடுத்த வழவழப்பான புத்தகத்தில் 'உயிரித் தொழில்நுட்ப அஸ்திவாரம்' என்று அச்சடித்திருந்தது. என்ன உயிர், என்ன தொழில் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. பெரிய வார்த்தையாகப் போட்டுவிட்டால் படித்தவன் கேள்வி கேட்க மாட்டான் என்பது அர்த்தனாரிக்கு வெகுநாளாகத் தெரிந்த சங்கதி.

அர்த்தனாரி திருச்செங்கோட்டுக்காரர். வயது அறுபத்திரண்டு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவராமல் போனது. பதினாலு வயதில் போர்வெல் வண்டியில் ஏறியவர், ராஜஸ்தானில் தொடங்கி ஆப்பிரிக்கா வரை பூமியில் ஓட்டை போட்டுக்கொண்டே வந்து கடைசியில் இந்தப் பாலைவனத்தில் இறங்கியிருந்தார். அது எந்த நாடு என்று எழுதினால் அங்கே இருக்கிற நம்ம ஆட்களுக்குத்தான் தொல்லை. மழை கிடையாது, மரம் கிடையாது, வெயில் மட்டும் வஞ்சனையில்லாமல் உண்டு. அவ்வளவு போதும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவர் ஒரு சந்தேகம் கேட்டார். மழையே பெய்யாத ஊரில் பூமி எப்படி உள்வாங்குகிறது? அவர் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு ரஃபீக் என்ற வங்காள டிரைவர், தண்ணீர் லாரியோடு ஒரு குழியில் போய்விட்டான். சாலைதான், நேற்றுவரை வண்டி ஓடிய சாலை. லாரியின் பின்பக்கக் கம்பி மட்டும் கிடைத்தது. ரஃபீக் கிடைக்கவில்லை. குழியை மூடி, மேலே பூச்செடி வைத்துவிட்டார்கள்.

ஷைனிதான் பதில் சொன்னாள். கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும், அந்த வேலைத்தளத்தின் நிலவியல் இன்ஜினியர்.

"இப்பதான் மழை இல்ல அய்யா. ஒரு காலத்துல இங்க ஏரி இருந்துச்சு, மாடு மேய்ஞ்சுச்சு. ஆயிரக்கணக்கான வருஷம் பெய்த மழை, அடியில இருக்கிற சுண்ணாம்புக் கல்லைக் கரைச்சுக் குகை குகையா ஆக்கிட்டுப் போயிருக்கு. மழை நின்னதும் குகையும் அப்படியே தூங்கிப்போச்சு. இப்ப நாம வந்து புல்தரைக்குத் தண்ணி ஊத்துறோம், குழாயெல்லாம் ஒழுகுது. தூங்கினதை எழுப்பி விட்டாச்சு."

"எழுப்பறதுக்கு முன்னால அக்கட்ட போயிக் கட்டியிருக்கலாமுங்களே, அம்மிணி."

"அக்கட்ட கடல் தெரியாதே."

காரணம் முழுதும் அதில் அடங்கிவிட்டது.

குகைகளை அடைக்கக் கம்பெனி ஒரு பூச்சியைக் கொண்டுவந்தது. கண்ணுக்குத் தெரியாத கிருமி. முகாமில் அதற்குக் கொத்தனார் என்று பெயர். யூரியாவைத் தின்றால் கல்லாகக் கழியும். குகைக்குள் கிருமியை விட்டு, யூரியாத் தண்ணீரைக் குழாய் வழியே ஊட்டினால், நாலைந்து மாதத்தில் பொந்தெல்லாம் இறுகிப் பாறையாகும். ஆனால் ஒரு நகரத்துக்கு அடியில் ஊட்டுவதற்கு யூரியாவுக்கு எங்கே போவது? நாலாயிரத்து நானூறு தொழிலாளிகள் ஒரே முகாமில் இருக்கிறார்களே என்று யாரோ ஒரு மகராசனுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து முகாமின் கழிப்பறைக் குழாய்கள் சாக்கடைக்குப் போகவில்லை, நகரத்தின் அடிவயிற்றுக்குப் போயின. சுவரில் ஐந்து மொழியில் பலகை மாட்டினார்கள். 'உங்கள் ஒவ்வொரு துளியும் நாளைய நகரத்தைக் கட்டுகிறது.' மறைவிடம் பார்த்து வெளியில் ஒதுங்குகிறவனைப் பிடிக்கக் காவலாள் வேறு.

மெஸ்ஸில் சமையல் செய்யும் கீழக்கரைக்காரர் காதர் மீரான், போய்விட்டு வரும்போதெல்லாம் கையை உதறிக்கொண்டே, "இன்னைக்கு ஒரு படிக்கட்டு கட்டியாச்சுண்ணே" என்பார்.

வேடிக்கையெல்லாம் சரி, சர்க்கரைதான் சிக்கல். சர்க்கரை வியாதிக்காரனின் மூத்திரம் கலந்தால் கொத்தனாருக்குப் பதில் வேறொரு கிருமி பெருகுமாம். அது புளிப்பாகக் கழியும். சுண்ணாம்பில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் பொங்குமே, அதுபோலப் புளிப்பு கல்லைத் தின்னும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருதரம் முகாமில் எல்லாருக்கும் பரிசோதனை. சர்க்கரை தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஊருக்கு. அந்தக் குழாய் ஊட்டிய நிலத்தை முப்பது நாள் மூடிப்போட்டுத் துளையிட்டுப் பார்க்க வேண்டும். பெரிய ஆபீஸ் எழுதிய சட்டம் அது.

சட்டம் எழுதினவன் திருச்செங்கோட்டையும் கீழக்கரையையும் பார்த்ததில்லை. அர்த்தனாரிக்குச் சர்க்கரை உண்டு. எந்த டாக்டரும் சொல்லவில்லை, அவர் டாக்டரிடம் போகிற ஆளும் இல்லை. ஊரில் வீட்டுக்குப் பின்னால் அவர் ஒதுங்குகிற இடத்தில் நாலு வருஷத்துக்கு முன்பே எறும்பு மொய்த்தது. அது போதாதா? காதர் மீரான் தீக்குச்சி மாதிரி ஆள். ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போட்டுவிட்டுத் தான் அரைக் கிண்ணம் கஞ்சி குடிக்கிற உடம்பு. அந்த உடம்பில் சர்க்கரைக்கு இடமில்லை. முதல் பரிசோதனையின்போது அர்த்தனாரியின் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தது அவர்தான். பிறகு விஷயம் கசிந்து பக்கத்து அறைக்காரன் வந்தான். அதற்கடுத்த அறைக்காரன் வந்தான். கடைசிப் பரிசோதனைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டில். அதிகாலையிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் குடித்துக் காதர் மீரான் அத்தனையையும் நிரப்பினார். எங்கள் ஊர் வள்ளல் பிறந்த ஊராக்கும், இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை என்பார். மகளைக் கட்டிக்கொடுக்காதவன், கடனில் வீடு கட்டுகிறவன், பெண்டாட்டிக்கு ஆபரேஷன் வைத்திருப்பவன் என்று எல்லாரும் அந்த இருநூற்றுப் பன்னிரண்டுக்குள் இருந்தார்கள்.

இப்படியே போயிருக்கும், முற்றத்தில் துளைபோடும் ராடு விழாமல் இருந்திருந்தால்.

முற்றம் என்பது நகரத்தின் நடுவில் சலவைக்கல் பதித்த பெரிய வெளி. சனிக்கிழமை அங்கே திறப்பு விழா. கைதட்டுவதற்கு முகாம் முழுவதையும் வெள்ளைத் தொப்பி போட்டு அந்த முற்றத்தில் உட்கார வைப்பதாக ஏற்பாடு. தொழிலாளியை மதிக்கிற கம்பெனி என்று படம் காட்ட வேண்டுமல்லவா. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சும்மா ஒரு கடைசிச் சோதனைக்காக ஷைனி அர்த்தனாரியின் வண்டியை முற்றத்தின் ஓரத்தில் நிறுத்தச் சொன்னாள்.

நாற்பத்திரண்டு அடி வரைக்கும் கல் கல்லாகத்தான் இருந்தது. அப்புறம் ராடு கையைவிட்டுப் போனது. வெட்டுகிற சத்தம் நின்று, பதினாலு அடி சும்மா இறங்கி, தொம்மென்று நின்றது. காற்று அடித்து வெளியே தள்ளிய சேறு நுரைத்துக்கொண்டு வந்தது. வாடை வந்தது. அர்த்தனாரி ஒரு விரலில் தொட்டு மூக்குக்குக் கொண்டுபோனார். புளித்த கள். மூணு நாள் கள். இதில் அவரை ஏமாற்ற முடியாது.

இன்னும் இரண்டு இடத்தில் போட்டுப் பார்த்தார். இரண்டிலும் ராடு விழுந்தது.

அவருக்கு உள்ளுக்குள் இன்னொன்று உறுத்தியது, அதை ஷைனியிடம் சொல்லவில்லை. பத்து நாளைக்கு முன்பு இதே முற்றத்தின் மறு ஓரத்தில் ஒரு துளை போட்டிருந்தார். போர் போடுகிறவனுக்குக் காதைவிட உள்ளங்கால் முக்கியம். வண்டித் தகட்டில் வெறுங்காலை வைத்தால் அடியில் கல் இறுக்கமா இளக்கமா என்று நடுக்கத்தில் தெரிந்துவிடும். அன்றைக்கு அவர் இடது காலை வைத்து நின்றார். ஒன்றும் தெரியவில்லை, நல்ல கல் என்று சொல்லிவிட்டார். அந்தக் கால் ஆறு மாதமாக மரத்துக் கிடக்கிறது. ஒருநாள் செருப்பு கழன்றது தெரியாமல் மெஸ் வரைக்கும் நடந்து வந்திருக்கிறார், ஷைனிதான் எடுத்துவந்து கொடுத்தாள். வயசாச்சு என்று விட்டுவிட்டார்.

கிருபாகரன் வந்தார். அவர்தான் அந்தத் தளத்தின் மேனேஜர். சென்னைக்காரர், ஐம்பத்தைந்து வயது, யாரையும் அதட்டாமல் சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிறவர். கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில் இருக்கும், அரைமணிக்கு ஒருதரம் எழுந்து போய்விட்டு வருவார். மூன்று துளையையும் எட்டிப் பார்த்தார். தரைக்குள்ளே பார்க்கிற கருவி பச்சைதானே காட்டுகிறது என்றார். கருவி போன மாதம் பார்த்தது, இது பத்து நாளில் அரித்தது என்று ஷைனி சொன்னாள். யாரோ சர்க்கரை ஊற்றாமல் இப்படி ஆகாது என்றாள்.

"எல்லாருடைய சர்டிபிகேட்டும் சுத்தமா இருக்கு ஷைனி. மூவாயிரத்து எண்ணூறு சர்டிபிகேட். நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். மூணு ஓட்டையிலயும் சிமெண்ட் ஊத்தச் சொல்லு."

போகும்போது அர்த்தனாரியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். முதலாளி தோளைத் தட்டினால் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிற ஆள் அர்த்தனாரி. அன்றைக்கும் தடவிப் பார்த்தார்.

மெஸ்ஸில் வெங்காயம் உரித்துக்கொண்டே காதர் மீரானிடம் விஷயத்தைச் சொன்னார். சொன்னால் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டும். சொல்லாவிட்டால் மூவாயிரத்து எண்ணூறு பேர் சனிக்கிழமை பதினாலு அடிப் பொந்தின்மேல் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். காதர் மீரான் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை நாள் ஊரைக் கட்டிக்கொடுத்த தன் மூத்திரத்தால் ஊரே விழப்போகிறதா என்று அவருக்கு ஆற்றாமை. தன்னுடையது பாட்டிலுக்குத்தான் போனது, குழாய்க்குப் போனது மற்றவர்களுடையது என்று அர்த்தனாரி விளக்க வேண்டியிருந்தது.

"நான் போய்ச் சொல்லிப்போடறேன் பாய். உம்பேரு வராது."

"எம்பேரு வராம எப்படிண்ணே வரும்? இருநூத்திச் சொச்சம் பேருக்கும் ஒரே ஊத்து."

மறுநாள் காலை ஷைனியின் கொட்டகைக்குப் போனார். நேராகச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு பேச்சுக்குக் கேட்பதாக ஆரம்பித்தார். சும்மா ஒரு இருநூறு பேருக்குச் சர்க்கரை இருந்து, அது குழாயில் கலந்திருந்தால் இந்தக் குழி விழுந்திருக்குமா?

எந்த இருநூறு என்று ஷைனி கேட்கவில்லை.

"விழாது அய்யா. அத்தனை பேரு தண்ணியோட கலந்தா கரைஞ்சு போயிரும். ஏதோ கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். இது சர்பத் கடையையே கவுத்தது மாதிரி இருக்கு. அவ்வளவு இனிப்புக்கு உங்க இருநூறு பேரு பத்தாது."

அர்த்தனாரிக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. கூடவே லேசான அவமானமும் இருந்தது. நாலு வருஷத்துச் சர்க்கரையை இப்படி ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாளே.

அப்படியானால் சர்பத் கடை எங்கே இருக்கிறது? கருவியை நம்பாத ஆள் எறும்பை நம்பினார். முற்றத்துக்குப் போகும் குழாயைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தார். பாலைவனத்திலும் எறும்பு உண்டு, நம்ம ஊர் எறும்பைவிட நீளக்கால், வேகம். முகாமிலிருந்து வரும் குழாயின் மூட்டுகளில் ஈரம் கசிந்தது, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எறும்பு. முற்றத்துக்கு எண்ணூறு அடி இருக்கும்போது ஒரு சிமெண்ட் தொட்டி. அங்கே இன்னொரு குழாய் வந்து சேர்ந்திருந்தது. வரைபடத்தில் இல்லாத குழாய். அதன் மூட்டில் சிமெண்ட் நிறமே தெரியவில்லை. கறுப்பாக அசைந்துகொண்டிருந்தது. அந்த வரிசையைப் பின்தொடர்ந்து போனால், ஆபீசர்கள் தங்கும் கட்டடத்தின் பின்பக்கம் போய் நின்றது.

கிருபாகரனும் இன்னும் பத்து ஆபீசர்களும் அங்கே இருந்தார்கள். வியாழன்தோறும் விருந்து. மிச்சமான சர்பத்தும் பேரீச்சம்பாகும் ஐஸ்கிரீமும் கழுவுதொட்டியில்தான் போகும். ஆபீசர்களின் மற்றதும் அதோடு போகும். இரண்டு மாதத்துக்கு முன்பு அறுநூறு ஆட்களை வேறு தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். தினசரி இத்தனை லிட்டர் என்று மேலிடத்துக்குக் காட்ட வேண்டிய கணக்கு குறைந்தது. கிருபாகரன் சத்தமில்லாமல் தன் கட்டடத்துக் குழாயையும் சேர்க்கச் சொல்லிவிட்டார். ஆபீசர்களுக்குப் பரிசோதனை கிடையாது. சர்க்கரை தொழிலாளிக்குத்தான் வரும் என்று சட்டம் எழுதினவன் நினைத்திருக்கிறான்.

ஷைனி எறும்பைப் படம் எடுத்து, குழாயைப் படம் எடுத்து, ராடு விழுந்த விவரத்தையும் சேர்த்துப் பெரிய ஆபீசுக்கு அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. எறும்பைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஒரு குழாய் சுத்தமா என்பதை அதில் தங்கியிருப்பவர்களின் சர்டிபிகேட்டை வைத்தே தீர்மானிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பதினோரு ஆபீசர்களும் வியாழனுக்குள் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். பதினொன்றும் சுத்தமென்றால் விழா முற்றத்திலேயே நடக்கும். ஒன்று கெட்டாலும் குழாயை வெட்டி முற்றத்தை மூட வேண்டும், அந்த ஆள் விமானம் ஏற வேண்டும்.

"குழாயைத் தொறந்து பாக்க மாட்டாங்களா, அம்மிணி?"

"காகிதத்தைத்தான் பார்ப்பாங்க அய்யா."

இது அவருக்குப் புரிந்தது. நாலாம் வகுப்பிலிருந்தே புரிந்துகொண்டிருக்கிற விஷயம்.

புதன்கிழமை காலை, பசியாறல் முடிந்து மெஸ் காலியாக இருந்தது. அர்த்தனாரி உள்ளே அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பின்வாசலில் கார் சத்தம். கிருபாகரன் தானே ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அடுப்பு மேடையில் வைத்தார். அதற்குள் பதினோரு பாட்டில், ஒவ்வொன்றிலும் பேர் ஒட்டியிருந்தது. மூட்டைக்கு இந்தப் பக்கம் ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது.

காதர் மீரான் ஒன்றும் புரியாத மாதிரி நின்றார்.

"என்ன பாய் முழிக்கிறே? இருநூத்திப் பன்னெண்டு பேருக்குக் குடுத்தே. எனக்குப் பதினொண்ணு குடுக்க மாட்டியா?"

"சார், நீங்க என்ன சொல்றீங்கன்னு..."

"போன டெஸ்ட்லயே லேப்காரன் சொல்லிட்டான். இருநூத்திப் பன்னெண்டு பாட்டிலும் ஒரே ஆளுதுன்னு. நான்தான் பேசாம கையெழுத்துப் போட்டேன். ஆள் குறைஞ்சா வேலை நின்னுடும். உங்களைக் காப்பாத்தினது நான். இப்ப உன் முறை." சிரித்தார். "ஒரு மணி நேரத்துல டிரைவரை அனுப்பறேன்."

கார் போனது. காதர் மீரான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூட்டைக்குப் பின்னால் வந்தார்.

"கேட்டீங்களாண்ணே. குடுத்தா சனிக்கெழம எல்லாரும் குழிக்குள்ள. குடுக்கலைன்னா இருநூத்திச் சொச்சம் பேரும் ஊருக்கு. அல்லாவே, எந்தப் பக்கம் திரும்புனாலும் நம்மதான் போறோம்."

அர்த்தனாரி கஞ்சியைக் குடித்து முடித்தார். கிண்ணத்தைக் கழுவி வைத்தார். அவசரமே இல்லை.

"பத்து நீ குடு பாய். பதினொண்ணாவது நாங் குடுக்கறேன்."

காதர் மீரான் புரியாமல் பார்த்தார், பிறகு புரிந்தது, புரிந்ததும் பக்கத்து மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கண்டுபிடித்து நம்மளைக் காட்டிக்கொடுத்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

"என்னன்னு காட்டிக் குடுப்பான்? 'அது என்ற மூத்திரமில்ல, சமையக்காரன்கிட்டக் கடன் வாங்கினது'ன்னு எந்த வாயில சொல்லுவான்? இருநூத்திப் பன்னெண்டு பேரையும் சொல்லோணும்னா, அதுக்குக் கையெழுத்துப் போட்டது ஆருன்னு மொதல்ல சொல்லோணும்."

"பாவமில்லையாண்ணே?"

"அந்தாளுக்கு நெசமாவே சக்கரை இருக்குது பாய். தண்ணி குடிக்கறதையும் எந்திரிச்சு ஓடறதையும் பாத்தாத் தெரியல? பாட்டில்ல ஊத்தறது உண்மையத்தான். ஆளு மட்டுந்தான் வேற." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "ரஃபீக்கு வண்டியோட போனப்ப எவனும் பாவம் பாக்கல."

ஒட்டிய பேர் எல்லாம் இங்கிலீஷ். அர்த்தனாரிக்கு அது படிக்க வராது. காதர் மீரான் எழுத்துக் கூட்டிப் படித்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அர்த்தனாரி அதை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். 'ஒவ்வொரு துளியும் நாளைய நகரத்தைக் கட்டுகிறது' என்ற பலகைக்குக் கீழே நின்று, வாழ்க்கையில் முதல்தடவையாகச் சொந்த மூத்திரத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தார். கொடுத்த பேர்தான் வேறு.

வியாழன் மத்தியானம் முடிவு வந்தது. பத்து சுத்தம், ஒன்று சிவப்பு. சாயங்காலத்துக்குள் குழாயை வெட்டினார்கள், முற்றத்தைச் சுற்றிக் கம்பி கட்டினார்கள், விழாவை வடக்கே பாறைமேல் இருந்த கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்கள். அதற்கெல்லாம் கிருபாகரனின் கையெழுத்து வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கே அவர் பெட்டி படுக்கையோடு கிளம்பினார். விமான நிலையம் போகிற வழியில் கார் மெஸ் வாசலில் நின்றது. இறங்கி வந்து காதர் மீரானைப் பார்த்தார். பிறகு அவர் பக்கத்தில் நின்ற அர்த்தனாரியைப் பார்த்தார். கண் அங்கேயே நின்றது. கணக்கு விளங்கிவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. வாயைத் திறந்தார். உள்ளே எத்தனையோ வார்த்தை இருந்திருக்கும், ஒன்றையும் வெளியே விட முடியவில்லை. காதர் மீரான் கரண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"சாப்புட்டீங்களா சார்?" என்று கேட்டார் அர்த்தனாரி.

கார் கிளம்பிப் போனது.

சனிக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் வெள்ளைத் தொப்பி போட்டு மூவாயிரத்து எண்ணூறு பேரும் உட்கார்ந்தார்கள். மேடையில் ஒருவர் பூமித்தாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பதினொன்றே காலுக்கு, கனத்த ஆள் பிரம்பு நாற்காலியில் உட்காருகிற மாதிரி ஒரு சத்தம் தூரத்தில் கேட்டது. நடுவில் வைத்த நீரூற்றும் நாலு பேரீச்சை மரமும் சலவைக்கல்லோடு சேர்ந்து, ஆள் இல்லாத முற்றத்துக்குள் இறங்கிப் போயின. புழுதி மேலே எழுந்தது. பேசுகிறவர் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். விழா நிகழ்ச்சியில் அதுவும் ஒன்று போலிருக்கிறது என்று முன்வரிசையில் யாரோ கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். காதர் மீரான் மட்டும் தட்டவில்லை. அர்த்தனாரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் குழியின் ஓரத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். இன்னும் எங்கெல்லாம் பொந்து என்று பார்க்க வேண்டும். அர்த்தனாரி ராடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஷைனி வந்தாள். கையில் ஒரு மடித்த காகிதம்.

"அந்தச் சிவப்பு ரிப்போர்ட்டை முழுசா இப்பதான் பார்த்தேன் அய்யா. சர்க்கரை மட்டும் இல்ல. புரதமும் போகுது. சிறுநீரகம் கெட ஆரம்பிச்சிருக்கு."

"ஓ."

"இவ்வளவு சர்க்கரையை இத்தனை வருஷம் கவனிக்காம விட்டிருந்தா, அந்த ஆளுக்குக் கால்ல உணர்ச்சி போயிருக்கும். ஆணி குத்தினாலும் தெரியாது. புண்ணு ஆகும், ஆறாது. முதல்ல விரலை எடுப்பாங்க. அப்புறம் காலை."

அர்த்தனாரி ராடின் மரையை ஒரு துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். பிறகு வண்டிப் படியில் உட்கார்ந்து, வெயில் காய்கிறவர் மாதிரி மெதுவாக இடது பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார். ஒரு சுண்ணாம்புக் கல் சில்லு விழுந்தது, முனையில் கறுத்துக் காய்ந்த ரத்தம். எத்தனை நாளாக உள்ளே இருந்ததோ. உள்ளங்காலில் கட்டைவிரல் போகிற அளவுக்கு ஒரு பள்ளம். அவர் அதைப் பார்த்தார், ஷைனியும் பார்த்தாள்.

"பொழைக்க வழியிருக்குதுங்களா, அந்த ஆளுக்கு?"

"இன்னைக்கே ஆரம்பிச்சா இருக்கு." பையிலிருந்து இரண்டு அட்டை மாத்திரையும் ஒரு மருந்து டப்பாவும் எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. இதைப் புண்ணுல போடணும். வியாழக்கிழமை எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டரம்மா வருவாங்க, பேரு எழுதாம பார்ப்பாங்க. அவர்கிட்ட குடுத்துடுங்க."

கிருபாகரன் விமானம் ஏறி மூன்று நாள் ஆகிவிட்டது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"சொன்னாக் கேக்கற ஆளில்லீங்க அவரு. டாக்டருன்னாலே நம்ப மாட்டாரு."

"எறும்பை நம்புவாரா?"

"எறும்பை நம்புவாருங்க."

"எறும்பு சொல்லிச்சுன்னு சொல்லுங்க."

ஷைனி குழியின் பக்கம் நடந்தாள். அர்த்தனாரி மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷில் என்னென்னவோ பொடியாக எழுதியிருந்தது. இதில் எதை நம்புவது? சட்டைப்பையில் போட்டார். எடுத்தார். மறுபடியும் போட்டார்.

"அம்மிணி."

அவள் திரும்பினாள்.

"சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயான்னு அவரு கேப்பாருங்க."

"பின்னால."

அர்த்தனாரி பூட்ஸை மாட்டிக்கொண்டு மெஸ் பக்கம் நடந்தார்.